ஆகஸ்ட் வெயிலில் பொம்பெய்யா, ஹெர்குலேனியமா?

கோடை விடுமுறையில் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைப் பொம்பெய்க்கு ஒதுக்கிவிடுகிறார்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெய்யுடன் சேர்ந்து புதைந்த இன்னொரு ஊர் ஹெர்குலேனியம். போன ஆகஸ்டில் அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்தடுத்த நாளில் இரண்டையும் பார்த்தோம். கையில் ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஹெர்குலேனியம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

போய்வருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோ போகும் ரயில்தான் இரண்டுக்கும். ஹெர்குலேனியத்துக்கு எர்கொலானோ ஸ்காவியில் இறங்க வேண்டும், சுமார் 20 நிமிடப் பயணம். பொம்பெய் இன்னும் கொஞ்சம் தள்ளி. பொம்பெய்யில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாசல். எர்கொலானோவில் இறக்கத்தில் பத்து நிமிடம் நடக்க வேண்டும், திரும்பும்போது அது ஏற்றம்.

பொம்பெய்யின் பிரம்மாண்டத்துக்கு ஈடே கிடையாது. 66 ஹெக்டேர் ஊர், அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டியிருக்கிறார்கள். ஊர்ச் சதுக்கத்தில் நின்றால் தூண்களுக்குப் பின்னால் வெசுவியஸ் தெரியும். கல் பதித்த தெருக்களில் வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் இன்னும் இருக்கிறது. ஆனால் பதினொரு மணிக்கே அம்மா ஒரு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மேடும் பள்ளமுமான கல்லில் முழங்கால் வலி, தலைக்கு மேலே வெயில், ஒதுங்க இடமில்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது கூரைதான். பொம்பெய் காற்று வீசிய திசையில் இருந்தது. மணிக்கணக்கில் எரிமலைக் கல் மழையாகக் கொட்டி, பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்தன. இன்று நாம் நடப்பது பெரும்பாலும் மொட்டைச் சுவர்களுக்கு நடுவில். ஹெர்குலேனியம் மலைக்கு மேற்கே. அங்கே கல் அதிகம் விழவில்லை. பிறகு நள்ளிரவு வாக்கில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையலையாக இறங்கி, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு ஊரையே நிரப்பிவிட்டன. அந்தச் சூட்டில் மரம் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. அதனால்தான் அங்கே மாடி வீடுகளும், உத்தரங்களும், மடக்குக் கதவு போன்ற ஒரு மரத் தடுப்பும் இன்றைக்கும் இருக்கின்றன. சில கூரைகள் தோண்டியெடுத்த பிறகு போட்டவை, அதையும் சொல்லிவிட வேண்டும். எதுவானாலும் நிழல் நிழல்தானே! வீட்டுக்கு வீடு நுழைந்து, நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்க முடிந்தது.

ஒரு கடையில் மண்ஜாடிகள் அடுக்கிய மரச் சட்டம் கரியாகி நிற்கிறது. "நம்ம மளிகைக் கடைப் பரண் மாதிரியே இருக்கே" என்று அம்மா அங்கிருந்து நகரவே இல்லை. கீழே, அந்தக் காலத்துக் கடற்கரையை ஒட்டிய படகுக் கொட்டடிகளில், தப்பிக்கக் காத்திருந்த சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் 1980 முதல் கிடைத்தன. மகள் அங்கே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சின்னக் குழந்தைகள் கூட வந்தால் அந்த இடத்துக்குப் போகும் முன் கொஞ்சம் சொல்லித் தயார்படுத்துங்கள்.

பொம்பெய்யில் நாங்கள் இருந்தது நான்கு மணி நேரம்தான். கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய அரங்கம் வரை போகவே இல்லை. வெயில் இல்லாத மாதங்களில் நான் போனதும் இல்லை. மார்ச்சில் போனால் என் தீர்ப்பு மாறலாம். ஆகஸ்டிலேயே பொம்பெய்தான் வேண்டும் என்றால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று 2024 நவம்பரில் வரம்பு வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்குலேனியத்துக்கு மூன்று மணி நேரம் தாராளம். அப்புறம் மதியம் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். இரண்டு ஊர்களிலும் கிடைத்த சிறந்த ஓவியங்களும் சிலைகளும் அங்கேதான். இந்தியாவில் செதுக்கி, பொம்பெய் வரை போய், 1938-இல் கிடைத்த தந்தப் பெண் சிலையும் அங்கே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. அதைப் பார்த்து எந்த நாள் போவது என்று முடிவு செய்யுங்கள்.