உலக விழுமியங்கள் ஆய்வுத் தரவு: அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒப்பிட எவ்வளவு உதவும்?

அரசு எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தரலாமா என்பது அமெரிக்காவில் இன்னும் தேர்தல் சண்டை. மேற்கு ஐரோப்பாவில் வலதுசாரிக் கட்சிகளே அதில் கைவைக்கத் தயங்கும். இதில் மக்களின் மனப்போக்குக்கு எவ்வளவு பங்கு என்று பார்க்க, இலவசமாகக் கிடைப்பவற்றில் உலக விழுமியங்கள் ஆய்வே (World Values Survey; பல நாட்டு மக்களிடம் சுற்றுச் சுற்றாக நடத்தும் கருத்துக்கணிப்பு) சிறந்தது. 1981இல் தொடங்கியது; ஏழாம் சுற்று 2017 முதல் 2022 வரை நடந்தது.

பலரும், இந்தத் தரவை வைத்து நாடுகளை இரண்டு அச்சுகளில் நிறுத்திக் காட்டும் இங்கல்ஹார்ட்–வெல்சல் பண்பாட்டு வரைபடத்தோடு நின்றுவிடுகிறார்கள். சுய வெளிப்பாட்டு அச்சில் அமெரிக்கா உயரத்தில் இருந்தும், மரபுசார் அச்சில் ஸ்வீடனைவிட மிகக் கீழே, அதாவது மரபின் பக்கம், நிற்பதை அது அழகாகக் காட்டும். ஆனால் அரசியல் விடை தனிக் கேள்விகளில்தான் இருக்கிறது. பிழைப்புக்கு அரசு பொறுப்பா, அவரவர் பொறுப்பா என்பது 108ஆம் கேள்வி. வருமானச் சமத்துவம் 106, வாழ்வில் கடவுளின் முக்கியத்துவம் 164. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பெயர், மின்னஞ்சல், பயன்பாட்டு நோக்கம் கொடுத்தால் கோப்பு இறங்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஏழாம் சுற்றுக் கோப்பில் பிரான்ஸும் ஸ்வீடனும் இருக்காது; அவை ஐரோப்பிய விழுமியங்கள் ஆய்வில் உள்ளவை. எனவே இரண்டையும் இணைத்த கூட்டுக் கோப்பையே எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்து நீங்களே ஒட்டினால் பெரிய ஆபத்து: பொறுப்புக் கேள்வியில் ஐரோப்பிய வினாத்தாளின் 1 முதல் 10 வரையிலான அளவுகோல் தலைகீழாக ஓடுகிறது. கவனிக்காவிட்டால் முடிவே புரண்டுவிடும். தெரியாது, பதில் இல்லை என்பவை -1, -2 என்று பதிவாகியிருக்கும். நீக்காமல் சராசரி எடுத்தால் கணக்கு கீழே இழுக்கப்படும். மாதிரி (கேள்வி கேட்கப்பட்டவர்களின் தொகுப்பு) நாட்டு மக்களோடு பொருந்தும்படி சரிசெய்யத் தந்திருக்கும் எடைகளையும் (weights) விட்டுவிடாதீர்கள்.

'ஐரோப்பா' என்று ஒரே எண் போடுவது வீண். ஐஸ்லாந்தின் மாதிரியும் ஜெர்மனியின் மாதிரியும் மக்கள்தொகை விகிதப்படி அமைந்தவை அல்ல. அப்படியே கூட்டினால் சின்ன நாடு பெரிதாகிவிடும். கடவுள் கேள்வியில் போலந்து, ஸ்வீடனைவிட அமெரிக்காவுக்குத்தான் நெருக்கம். நாடு நாடாகவே வையுங்கள்.

இன்னொன்று: அமெரிக்காவில் இந்தச் சுற்று இணையவழி நடந்தது, ஐரோப்பாவில் பெரும்பாலும் நேர்முகமாக. மதம் பற்றி ஆள் எதிரே சொல்வதும் திரையில் தட்டுவதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அரைப் புள்ளி வித்தியாசத்தை நம்பி வாதம் கட்ட வேண்டாம்.