மறுநாள் அதே கடைக்குப் போக முடியுமா?

என் பெரியப்பா பினாங்கு லெபு பசார் தெருவில் ஒரு துணிக்கடையில் 20 வருடத்துக்கு மேல் நின்றவர். சீனப் பாட்டி வந்தால் ஹொக்கியன், மலாய்க்கார மக்சிக் வந்தால் மலாய், நம்மாள் வந்தால் "வாங்க தங்கச்சி, உள்ள வந்து பாருங்க". பேரம் பேசுவதில் அவர் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஒருமுறை வாங்கிப் போனவர்கள் தீபாவளிக்குத் தீபாவளி அவரைத் தேடி வந்தார்கள்.

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி மேசையில் கதை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் குழுவுக்காக வாய் திறக்கும் ஆளை உருவாக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். புதிதாக ஆட வருகிறவர்கள் எந்தக் கிளாஸுக்கு, அதாவது எந்த வகை ஆளுக்கு, பேச்சு நன்றாக வரும் என்று கேட்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. இன்றைக்குப் பேசிக் காரியத்தை முடித்துவிட்டாய், நாளைக்கு அதே வாசலில் போய் நிற்க முடியுமா?

சரி, முதலில் கணக்கு. எங்கள் மேசையில் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. 20 பக்க டைஸை உருட்டி, கரிஸ்மா என்ற வசீகர மதிப்புக்கு உரிய எண்ணைக் கூட்டி, அந்தத் திறனில் பயிற்சி இருந்தால் புரொஃபிஷியன்ஸி போனஸ் என்ற பயிற்சி எண்ணையும் கூட்ட வேண்டும். சாதாரணக் காரியத்துக்கு இலக்கு 15, கஷ்டமானதற்கு 20. கரிஸ்மா 16 இருந்தால் +3. முதல் நான்கு லெவலிலும் போனஸ் +2. ஆக +5. 15-ஐத் தொட டைஸில் 10-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும், அதாவது நூற்றுக்கு 55 வாய்ப்பு. ஒரு வார்லாக்கோ (ஒப்பந்தம் போட்டு மந்திரம் வாங்கியவன்) சார்சரரோ (பிறவியிலேயே மந்திரம் உள்ளவன்) பர்சுவேஷனில், அதாவது பேசிச் சம்மதிக்க வைக்கும் திறனில், பயிற்சி எடுத்து இறங்கினால் ஆரம்பத்தில் இவ்வளவுதான் கையில் இருக்கும்.

இப்போது கரிஸ்மா வெறும் 14 வைத்த ஒரு ரோக்கை, அதாவது கள்ளத்தனத்தில் கைதேர்ந்தவனை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லெவலிலேயே அவனுக்கு எக்ஸ்பர்ட்டீஸ் உண்டு. தேர்ந்தெடுத்த இரண்டு திறன்களில் போனஸ் இரட்டிப்பாகும். +2, அதன்மேல் +4, மொத்தம் +6. நூற்றுக்கு 60. பிறவி வசீகரனை ஒரு பூட்டுத் திறக்கிறவன் முந்திவிடுகிறான்! இதை நம்பாமல் எங்கள் குழுவில் ஒருத்தன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். லெவல் 11 வந்தால் ரிலையபிள் டேலண்ட் வேறு: பயிற்சியுள்ள திறனில் டைஸில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தாலும் 10 என்றே கணக்கு. குறை என்னவென்றால், ரோக்குக்குக் கரிஸ்மா பேச மட்டும்தான் உதவும். சண்டையில் அவன் சுறுசுறுப்பை நம்பிப் பிழைக்கிறவன்.

பாட்டாலும் பேச்சாலும் மயக்கும் பார்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் கைநீட்டுவது அதற்குத்தான். கரிஸ்மாதான் அவன் மந்திரத்துக்கும் மூலம். எக்ஸ்பர்ட்டீஸ் லெவல் 3-இல் வரும் (2024 புதுப்பித்த விதிகளில் லெவல் 2-லேயே). காலேஜ் ஆஃப் எலக்வன்ஸ் என்ற கிளைப்பிரிவை எடுத்தால் லெவல் 3-இலேயே சில்வர் டங் என்று ஒன்று கிடைக்கும்: பர்சுவேஷன், டிசெப்ஷன் (பொய் சொல்லி ஏமாற்றும் திறன்) இரண்டிலும் 9-ம் அதற்குக் கீழ்ப்பட்டதெல்லாமும் 10 ஆகிவிடும். கரிஸ்மா 16, எக்ஸ்பர்ட்டீஸ் சேர்த்து +7. அப்படியென்றால் எவ்வளவு மோசமாக உருட்டினாலும் 17. சாதாரணக் காரியம் எதிலும் அவன் தோற்கவே மாட்டான்.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் சனிக்கிழமை ராத்திரி இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். டைஸில் 2 விழுந்தும் பார்ட் ஒரு சுங்கக் காவலனைப் பேசி மடக்கினான். முதல்முறை மேசையைத் தட்டிச் சிரித்தோம். நாலாவது முறை ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் அக்கா, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வருகிறவர், தேத்தாரேயை (ஆற்றிய பால் தேநீர்) உறிஞ்சிக்கொண்டே, "தம்பி, நீ உருட்டவே வேணாம்லா, போ" என்றார். மற்ற மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைத்தது, மற்ற பிள்ளைகளுக்குத்தான் வேலை இல்லாமல் போனது.

ஆனாலும் இந்த பார்டிடம் ஒரு விஷயம் பினாங்குக்காரனான எனக்கு ரொம்பப் பிடிக்கும். லெவல் 6-இல் யூனிவர்சல் ஸ்பீச் வரும். கரிஸ்மாவுக்கு உரிய கூட்டல் எண் எத்தனையோ அத்தனை பேருக்கு ஒரு மணி நேரம் அவன் பேச்சு புரியும், அவர்கள் எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும் சரி. பெரியப்பா சந்தையில் நின்று வருடக்கணக்கில் கற்றதை இவன் மந்திரத்தால் வாங்கிவிடுகிறான். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

வார்லாக்கின் சாமர்த்தியம் வேறு மாதிரி. பிகைலிங் இன்ஃப்ளூயன்ஸ் என்ற சக்தியை எடுத்தால் டிசெப்ஷனும் பர்சுவேஷனும் சேர்ந்து வரும். மாஸ்க் ஆஃப் மெனி ஃபேசஸ் எடுத்தால் மந்திர ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவே இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் உருவம் மாற்றலாம். லெவல் 2 முதல் 10 வரை கையில் இருப்பதே இரண்டு ஸ்லாட் என்பதால் இது பெரிய லாபம். மறுநாள் அதே கடைக்கு இவன் தாராளமாகப் போவான், வேறு முகத்தோடு! ஆனால் அது கண்ணுக்கு மட்டும் தெரியும் மாயம். கடைக்காரர் தோளில் கை போட்டால் குட்டு வெளிப்படும். அதோடு, போட்ட முகம் ஒவ்வொன்றும் சம்பாதித்த பழக்கம் அந்த முகத்தோடு போய்விடும். ஒரே ராத்திரியில் முடியும் ஆட்டமென்றால் யோசிக்காமல் வார்லாக் எடுங்கள். மாதக்கணக்கில் நீளும் கதைக்கு நான் எடுக்க மாட்டேன்.

சார்சரரால்தான் நாங்கள் சூடு பட்டோம். லெவல் 3-இல் சப்டில் ஸ்பெல் எடுத்தால், ஒரு சார்சரி பாயிண்ட் செலவழித்து வாய் அசையாமல், கை அசையாமல் மந்திரம் போடலாம். எங்கள் ஆள் துறைமுகக் கணக்கர் மேல் சார்ம் பர்சன் என்ற மயக்கு மந்திரம் போட்டான். பக்கத்தில் நின்ற காவலனுக்குக்கூடத் தெரியவில்லை. கப்பல் உள்ளே வந்துவிட்டது, நாங்கள் அவன் முதுகைத் தட்டினோம். அந்த மந்திரம் நிற்பது ஒரு மணி நேரம். முடிந்ததும், தன்னை மயக்கியது யார் என்று அந்தக் கணக்கருக்கே தெரிந்துவிடும். விதியில் அப்படித்தான் இருக்கிறது. ஐந்து நாள் கழித்துச் சரக்கை ஏற்ற அதே துறைக்குப் போனோம். அக்கா டைஸைத் தொடக்கூட இல்லை. "கணக்கர் உன்னைப் பார்த்துட்டு ஜன்னலைச் சாத்துறார்." சரக்கு இன்னும் அந்தக் கிடங்கில்தான் கிடக்கிறது. ஃப்ரெண்ட்ஸ் என்ற சின்ன மந்திரம் இதைவிட மோசம். ஒரு நிமிடம் வேலை செய்யும், அப்புறம் ஆள் பகையாளியாகிவிடுவான்.

சபதம் எடுத்த வீரனான பாலடினுக்கு நேர் எதிர்க் குணம். அவனுடைய கிளாஸ் பட்டியலில் டிசெப்ஷனே கிடையாது. டிவோஷன் சபதம் எடுத்தவன் பொய்யே சொல்லக் கூடாது. ஆகவே அவன் வாக்குக்கு ஊரில் மதிப்பு உண்டு, மறுநாளும் போகலாம், மறுவருடமும் போகலாம். லெவல் 6-இல் பத்தடிக்குள் நிற்கும் தோழர்களின் சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) எல்லாவற்றிலும் அவன் கரிஸ்மாவின் கூட்டல் எண் சேரும் என்பதால் கரிஸ்மாவில் போட்ட புள்ளி ஒன்றும் வீணாகாது. தொல்லை குழுவுக்குத்தான். காவலன் "பெட்டிக்குள்ள என்ன?" என்று கேட்கும்போது நாலு பேரும் சேர்ந்து இவன் வாயைப் பொத்த வேண்டியிருக்கும்.

அடுத்த கதைக்கு நான் ரோக்கைத்தான் எடுத்திருக்கிறேன். கரிஸ்மா 14. எக்ஸ்பர்ட்டீஸில் ஒன்று பர்சுவேஷன், இன்னொன்று இன்சைட். இன்சைட் கரிஸ்மாவில் அல்ல, விஸ்டத்தில் (விவேகத்தில்) சேர்ந்தது, ஆனால் எதிரே நிற்பவன் மழுப்புகிறானா என்று தெரியாமல் பேசுகிறவன் வெறும் வாயாடிதான். டிசெப்ஷனை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பின்னணியாகக் கில்ட் மெர்ச்சண்ட் எடுத்ததில் கூடுதலாக இரண்டு மொழி கிடைத்தது. தொழில் கருவிக்குப் பதிலாக ஒரு கோவேறு கழுதையும் வண்டியும் வாங்கிக்கொண்டேன், துணி ஏற்றிப் போக.

அவன் கணக்கெழுதிய தாளை அக்காவிடம் அனுப்பினேன். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "கழுதைக்குப் பேர் வச்சாச்சா?" என்று மட்டும் பதில் வந்தது.