சுருதிக்கு எதை வாங்குவது: தம்புரா, சுருதிப்பெட்டி, மின்னணுத் தம்புரா, செயலி

கர்நாடக இசை வகுப்பில் குழந்தையைச் சேர்த்த பெற்றோர் பலரும் முதல் மாதத்திலேயே கேட்பது, வீட்டுப் பயிற்சிக்குச் சுருதி எதை வாங்கலாம் என்பதுதான். தந்தி மீட்டும் தம்புரா, துருத்தியால் இயங்கும் சுருதிப்பெட்டி, மின்னணுத் தம்புரா, கைப்பேசிச் செயலி என்று நான்கு வழிகள் இன்று உள்ளன. நான்கிலும் ஒலிப்பது அதே ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) தான். ஆனால் பாடுபவரின் காதை அவை பழக்கும் விதம் வேறு வேறாக இருப்பதால், விலையையும் வசதியையும் மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது என்பது என் கருத்து.

தம்புராவில் நான்கு தந்திகள். மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், அடுத்தடுத்து இரண்டு மத்ய (நடு ஸ்தாயி) ஸட்ஜங்கள், கடைசியில் மந்தர ஸட்ஜம் என்று அவற்றைச் சேர்க்கிறோம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு மெல்ல வளைந்து சரிவதால், அதிரும் தந்தி அந்தச் சரிவைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு சிறு நூலைச் செருகி, முன்னும் பின்னுமாக நகர்த்தினால், ஓரிடத்தில் ஒலி திடீரென்று மலர்ந்து ரீங்கரிக்கும். அந்த நூலைத்தான் ஜீவா என்கிறோம். பெயர் மிகப் பொருத்தமானது. தந்தியின் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளே மேற்சுரங்கள். ஒரு தந்தியில் எந்த மேற்சுரத்தின் அசையாப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்த மேற்சுரம் ஒலிக்காது என்பது பழைய இயற்பியல் விதி. வீணையிலும் தம்புராவிலும் இவ்விதி பொய்த்துப்போவதை சி. வி. ராமன் 1921இல் எழுதிய கட்டுரை காட்டியது. இதற்குக் காரணம் குதிரையின் அமைப்பே.

இந்த மேற்சுரங்கள் பாடுபவருக்கு எவ்வாறு உதவுகின்றன? மந்தர ஸட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டு அமைதியாகக் கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் (காந்தாரம் என்ற ‘க’ சுரத்தின் உயர்ந்த வகை) அதற்குள்ளிருந்து எழுவதைக் கேட்கலாம். தந்தியின் அடிப்படை ஒலியை முதலாகக் கொண்டு எண்ணினால் ஐந்தாவதாக வரும் அது, கீபோர்டில் அழுத்தி வரும் காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்வானது. ஓர் அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய 14 பங்கு வேறுபாடு. இந்தக் காந்தாரம் வரும் சங்கராபரணம், கல்யாணி போன்ற ராகங்களைத் தம்புராவோடு பாடிப் பழகியவரின் காந்தாரம் அந்த இடத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. கீபோர்டைத் துணையாகக் கொண்டு பயின்ற குரலில் காந்தாரம் சற்றே கூர்மையாக ஒலிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தம்புராவின் குறைகளும் சிறியவை அல்ல. நான்கடி உயரக் கருவியைப் பேருந்தில் கொண்டுசெல்வது கடினம். மழைக்காலத்தில் தந்தியை முறுக்கும் பிரடை இறுகும், வெயிலில் நழுவும். பத்து வயதுக் குழந்தையால் சுருதி சேர்க்க இயலாது. ஆனாலும் பிரடையைத் திருகி, தந்தியில் கோத்த மணியை நகர்த்தி, இரண்டு ஸட்ஜத் தந்திகளுக்கும் இடையிலான அலைவு அடங்கும்வரை காத்திருப்பதே ஒரு செவிப் பயிற்சி. வேறு எந்தச் சாதனத்திலும் அது கிடைப்பதில்லை.

சுருதிப்பெட்டி உலோக நாக்குகளால் ஒலிப்பது. நாகஸ்வரக் குழுவில் சுருதிக்காக ஒத்து என்ற குழலை ஊதியவரின் இடத்தையும் இதுவே எடுத்துக்கொண்டது. இடைவெளியின்றி, கனமாக ஒலிப்பதால் திறந்த வெளிக்கு ஏற்றது. அதே கனம் தனிப் பயிற்சிக்குக் கெடுதல்: குரல் இம்மியளவு விலகினாலும் பெட்டியின் ஒலி அதை மூடிவிடும், மாணவருக்குத் தவறு தெரியாது. தூசி படிந்தும் நாள்பட்டும் நாக்குகள் சுருதி விலகும். அவற்றைச் சரிசெய்யக் கைதேர்ந்தவர் வேண்டும். துருத்தியை இயக்க ஒரு கை போய்விடுவதால் தாளம் போடுவதும் தடைப்படுகிறது. வீட்டுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

தொடக்க மாணவருக்கு மின்னணுத் தம்புராவே பொருத்தம். சுருதியின் உயரத்தை (அதைக் ‘கட்டை’ என்ற அளவால் குறிப்போம்) அரைக் கட்டை அரைக் கட்டையாக மாற்றுவதற்கு ஒரு திருகும், நுண்ணிய வேறுபாட்டுக்கு இன்னொரு திருகும் இருக்கும். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, குறிஞ்சி போன்ற ராகங்களைப் பாடுவதற்குப் பஞ்சமத்துக்குப் பதிலாக மத்யமம் (ம) ஒலிக்கும் மத்யம சுருதி வைக்க வேண்டுமானால் ஒரு விசையைத் தள்ளினால் போதும்; தம்புராவில் ஒரு தந்தியையே மாற்றிச் சேர்க்க வேண்டும். வாங்கும்போது கடையில் ஐந்து நிமிடமாவது தொடர்ந்து ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். பதிவு செய்த தம்புரா ஒலியை மீண்டும் மீண்டும் சுழற்றும் கருவிகளில், சுழற்சி முடிந்து தொடங்கும் இடம் துடிப்பாகக் காதில் உறுத்தினால், ஒரு மணி நேரப் பயிற்சியில் அது மிகவும் சோர்வூட்டும்.

செயலிகளின் ஒலிப்பதிவில் பெரிய குறையில்லை; குறை கைப்பேசியின் ஒலிபெருக்கியில்தான். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மந்தர ஸட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அதை எழுப்ப இயலாது. மேற்சுரங்களைக் கொண்டு காது அடித்தளத்தை ஊகித்துக்கொள்கிறதே தவிர, குரல் வந்து அமரும் தளம் அங்கே மெலிந்துபோகிறது. ஐந்து கட்டைக்கு மேல் பாடும் பெண் குரலுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் குறை சற்றுக் குறைவு. ஓரளவு பெரிய வெளி ஒலிபெருக்கியை இணைத்தால் செயலி மின்னணுத் தம்புராவுக்கு நிகராகவே நிற்கும். ஏற்கெனவே நல்ல ஒலிபெருக்கி உள்ள வீட்டில் தனிப் பெட்டிக்குச் செலவிட வேண்டிய தேவை இல்லை. பயிற்சியின் நடுவே அழைப்பு வந்து சுருதி அறுபடாதிருக்க, கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, ஒலிபெருக்கியைக் கம்பிவழி இணைப்பது நல்லது.

எதை வாங்கினாலும் அதைக் காதின் உயரத்தில், கைக்கெட்டும் தொலைவில் வையுங்கள்; இரும்பு அலமாரியின் மேல் வைத்தால் அலமாரியும் சேர்ந்து அதிரும். குரலை அடக்காத, ஆனால் மூச்சு வாங்கும் இடைவெளியில் தெளிவாகக் கேட்கும் அளவே போதும். இரு காதுகளையும் மூடும் ஹெட்போன் வேண்டாம், தன் குரலையே சரியாகக் கேட்க இயலாது போகும்.

மூன்று நான்கு ஆண்டுகள் கற்று, கீர்த்தனைகளுக்கு வந்துவிட்ட மாணவருக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். அப்போது தஞ்சாவூர்ப் பலாமரத் தம்புரா ஒன்றை, பழையதாயினும் குடத்தில் விரிசலும் தண்டியில் (நீண்ட கழுத்துப் பகுதியில்) வளைவும் இல்லாததாகப் பார்த்து, ஆசிரியரையும் உடன் அழைத்துச் சென்று வாங்குங்கள். மின்னணுப் பெட்டியை அதன்பின் தள்ளிவைக்க வேண்டியதில்லை; அதில் ஸட்ஜத்தை ஒலிக்கவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு தம்புராவின் தந்திகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கப் பழகலாம்.