தோளில் நிற்காத தோள்கவசம்: இரண்டு வருட அனுபவம்

நேற்று இரவு, ஃபோமில் நான் செய்த வேடக் கவசத்தில், தோள்கவசத்தை மார்புக்கவசத்தோடு பிடித்திருக்கும் பட்டையை நான்காவது தடவையாக ஒட்டினேன். பசை காய்வதற்குள் நண்பர் ஒருவர் கேட்டார்: "பொண்ணுக்கு மாறுவேடப் போட்டி வருது. நீங்க செஞ்ச மாதிரியே ஃபோம் பாயில ஒண்ணு செஞ்சிடலாமா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தைகள் விளையாடத் தரையில் விரிப்போமே, பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் ஈ.வி.ஏ. (ரப்பர் போன்ற ஒரு பிளாஸ்டிக்) ஃபோம் பாய், அதில்தான் என் கவசம் முழுவதும். மார்பு, முதுகு, இரண்டு தோள், இரண்டு முன்கை. பழைய செய்தித்தாளில் அளவு வெட்டிப் பார்த்துவிட்டு, கட்டரில் அறுத்து, சூடுகாட்டி வளைத்து, பசைக் குச்சியை உருக்கித் தரும் க்ளூ கன்னில் ஒட்டியது. இரண்டு வருடத்தில் பதினொரு முறை அணிந்திருக்கிறேன்.

பாயைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வளைத்த வளைவு அப்படியே நிற்கிறது. இரண்டு முறை படிக்கட்டில் விழுந்தும் ஒரு கீறல்தான். ஹேர் ட்ரையர் சூடு தடித்த பாய்க்குப் போதவில்லை, அதைவிடச் சூடாகக் காற்றடிக்கும் ஹீட் கன் இரவல் வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு வேலை செய்தேன். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, ஃபோம் சூடாக இருக்கும்போதே அதன் மேல் அழுத்தி எடுத்தேன். சுத்தியலால் தட்டிய இரும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. மேலே முழுக்கக் கறுப்பு அக்ரிலிக். அது காய்ந்ததும், பிரஷில் தொட்ட வெள்ளி வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாக இழுத்தேன். அவ்வளவுதான். போட்டுக்கொண்டு போன முதல் நாளே ஒரு பெரியவர் கிட்டே வந்து விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வராததும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அந்தப் பட்டை! கையைத் தூக்கினால் தோள்கவசம் காதோரம் ஏறுகிறது, இறக்கினால் முழங்கைப் பக்கம் சரிகிறது. நாலு முறை தூக்கி இறக்கினால் உள்ளே 'சர்க்' என்று ஒரு சத்தம். பசை தகடாக உரிந்து வந்துவிடும், பட்டையின் நூல் தடம்கூட அதில் அச்சாகப் பதிந்திருக்கும். ஒருமுறை வெயிலில் நின்ற காருக்குள் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பட்டையும் தனியாகக் கிடந்தன.

காரணம் புரிய எனக்கு வெகுநாள் ஆனது. க்ளூ கன் குச்சிகளில் பெரும்பாலானவையும் ஈ.வி.ஏ. சார்ந்தவைதான், சூடு பட்டால் இளகிவிடும். அதைவிட முக்கியம், இழுபடும் திசை. ஒட்டிய பரப்போடு சேர்ந்து இழுபட்டால் பசை தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பது போல மேலே இழுபட்டால் தாங்காது. தோள் பட்டை ஒவ்வொரு அசைவிலும் உரிக்கத்தான் செய்கிறது. இந்த முறை ஃபோமில் கீறல் போட்டு, பட்டையை உள்ளே நுழைத்து, மடித்து, மேலே உள்ளங்கை அகல ஃபோம் துண்டை வைத்து கான்டாக்ட் சிமெண்ட் என்ற பசையில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும். வைத்தது வைத்ததுதான், நகர்த்த முடியாது. நெடி கடுமை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு வீரர்களின் முழு இரும்புக் கவசம் சுமார் 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். அவர்கள் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போட்டு, அதிலிருந்த கயிறுகளில் கவசத் துண்டுகளைக் கட்டினார்கள். கை அசைந்தால் துண்டும் கூடவே அசையும். நானோ ஒரு கிலோகூட வராத ஃபோமை மார்புக்கவசத்தோடு ஒட்டிவைத்து இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். பாயை நொந்து என்ன பயன், கட்டிய விதம்தான் தப்பு.

சரி, நண்பருக்கு என்ன பதில்? இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே உறுத்துகிறது, ஆனாலும் ஃபோம் வேண்டாம். ஒரு நாள் போட்டிக்கு அட்டைப்பெட்டி போதும். அட்டைக்குள் ஓடும் வரிகள் உடம்பின் நீளவாக்கில் வரும்படி வெட்டினால் மார்பைச் சுற்றி அழகாக வளையும், குறுக்கே வந்தால் மடிந்து உடையும். தோள் துண்டை மட்டும் மார்பு அட்டையோடு ஒட்டாதீர்கள். சட்டையின் தோளில் இரண்டு நாடா தைத்து, அதில் கட்டிவிடுங்கள். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் வண்ணம் பூசுங்கள்.

என்னுடையதில் நேற்று ஒட்டியதும் பிய்ந்தால், தோள்கவசத்தைத் தனியாக வெட்டி எடுத்து நாடாவுக்கு மாற்றிவிடுவேன். மார்புக்கவசத்தில் கைவைக்க மாட்டேன்.