கூடாரத்துக்கு எந்த வண்டி: ஜிம்னியா, தார் ராக்ஸா, கூர்க்காவா?

நானும் மனைவியும் வேலூரிலிருந்து மாதம் ஒருமுறையாவது ஜவ்வாது மலைக்குப் போகிறோம். காவலூரில் தொலைநோக்கி நிறுவத் தோதாக இருந்த அந்த இருண்ட வானம்தான் எங்களையும் இழுக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்கக் கூடாது. அதனால் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் சாமைக் காட்டோரத்தில் கூடாரம் அடிப்போம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் அந்த இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. அந்த இரண்டு கிலோமீட்டருக்காகத்தான் பழைய காரை விற்றுவிட்டு, நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி தேடினேன். மாருதி ஜிம்னி, மகிந்திரா தார் ராக்ஸ், ஃபோர்ஸ் கூர்க்கா என மூன்றைப் பார்த்தேன், ஜிம்னியை வாங்கினேன். இன்று கேட்டாலும் அதையே வாங்குவேன்.

தோற்றத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வட்ட விளக்கு, பெட்டி போன்ற உடல், பின்கதவில் ஸ்டெப்னி, இவை மூன்றிலும் உண்டு. ஜிம்னியில் 1985 முதல் நம் ஊரில் ஓடிய மாருதி ஜிப்ஸியின் ஜாடை தெரிகிறது. தாரில் பழைய மகிந்திரா ஜீப் தெரிகிறது. கூர்க்காவைப் பார்த்தால் மெர்சிடிஸ் ஜி வேகன் நினைவுக்கு வரும். மூன்றுமே கண்ணுக்கு அழகுதான்.

விலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் 12.74 லட்சத்திலும், ராக்ஸ் 2024 ஆகஸ்டில் 12.99 லட்சத்திலும் அறிமுகமாயின. ஏறக்குறைய ஒரே விலை என்று தோன்றும். ஆனால் ஜிம்னியின் எல்லா ரகங்களிலும் நான்கு சக்கர இயக்கமும், வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரும் உண்டு. ராக்ஸில் அவை வேண்டுமானால் டீசல் ரகத்துக்குத்தான் போக வேண்டும், அது 18.79 லட்சத்தில் தொடங்கியது. ஐந்து கதவு கூர்க்காவும் 2024இல் வந்தபோது 18 லட்சம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது விலையல்ல, எடை. ஜிம்னி சுமார் 1,200 கிலோ. மற்ற இரண்டும் அதைவிட மிகக் கனமானவை. தார்ச்சாலையில் கனமான வண்டி ஆடாமல் அசையாமல் போகும், அது சுகம்தான். சேற்றில் கதை வேறு.

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு முழுக்க மழை. விடிந்தபோது பாதை குழம்பாகக் கிடந்தது. டிராக்டர் போட்ட தடத்தில் எங்கள் இடப்பக்கச் சக்கரங்கள் இறங்கி, வண்டியின் அடிப்பாகம் நடுமேட்டில் உட்கார்ந்துவிட்டது. லோ ரேஞ்சில் போட்டும் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. டயர்களில் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். மண்வெட்டியால் அடிமண்ணை வழித்தேன். மனைவி தட்டைக் கற்களாகப் பொறுக்கி வந்து சக்கரங்களுக்கு முன்னால் பதித்தாள். நிலத்துக்காரரும் அவர் மகனும் பின்னால் நின்று தள்ளினார்கள். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அதற்கு முந்தைய மழையில் நண்பர் ஒருவரின் பெரிய வண்டி அதே இடத்தில் இறங்கியது. நாங்கள் ஆறு பேர் தள்ளியும் அசையவில்லை. டிராக்டர் கிடைத்து இழுக்கும்போது மாலை மூன்று மணி.

பெரிய வண்டிக்காரர்கள் இழுவிசையைப் பற்றிப் பேசுவார்கள். கூர்க்காவின் 2.6 லிட்டர் டீசல் 320 நியூட்டன் மீட்டர் தருகிறது, ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் 134தான். உண்மை. ஆனால் ஈர மண்ணில் குறைவது எஞ்சினின் பலமல்ல, டயரின் பிடிப்பு. பிடிப்பு இல்லாத இடத்தில் கூடுதல் விசை குழியை ஆழமாக்குகிறது, கூடுதல் எடை வண்டியை அதில் இறக்குகிறது. நான்கைந்து வண்டிகள் சேர்ந்து போகும் குழுவென்றால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். ஒற்றை வண்டியில் போகிறவர்கள், ஜாக்கியில் தூக்கவும் கையால் தள்ளவும் முடிகிற எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அகலமும் இதோடு சேர்ந்ததுதான். ஜிம்னி 1,645 மில்லிமீட்டர், ராக்ஸ் 1,870. வித்தியாசம் முக்கால் அடி. இருபுறமும் உண்ணிச்செடி மண்டிய பாதையில் எதிரே மாட்டுவண்டி வந்தால் அந்த முக்கால் அடியின் அருமை தெரியும்.

ஜிம்னியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் பொருள் வைக்க 208 லிட்டர் இடம்தான். கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன் வைத்தாலே நிரம்பிவிடும். பின்சீட்டை மடக்கினால் 332 லிட்டர். எனவே இது இருவருக்கான முகாம் வண்டி. மூன்றாவது ஆள் வந்தால் மூட்டையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சுமையோடு மலையேறும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே போக மனம் வராது. 40 லிட்டர் டேங்க். மலையில் எனக்கு லிட்டருக்கு 12, 13 கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், அதை பிரேக் பிடித்து நிறுத்தி மற்றதற்கு விசையை அனுப்பும் ஏற்பாடுதான் இதில் இருக்கிறது. கூர்க்காவில் முன்னும் பின்னும், இடவலச் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்தே சுற்றவைக்கும் பூட்டு (டிஃபரன்ஷியல் லாக்) தனித்தனியாக உண்டு. பாறைப் பாதையில் ஜிம்னி தயங்கும் இடத்தை அது நிதானமாக ஏறிக் கடந்துவிடும். நண்பரின் கூர்க்காவில் இரண்டு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஓட்டியதில்லை என்பதால் அதற்கு மேல் சொல்வது நியாயமாகாது.

மழை வலுத்தால் நாங்கள் வண்டிக்குள்ளேயே படுத்துவிடுகிறோம். ஜிம்னியின் முன்சீட்டில் தலையணையைக் கழற்றிவிட்டு முழுவதும் சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்துகொள்ளும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் சமதளம் என்று நினைத்துவிடாதீர்கள். மேடு பள்ளம் இடுப்பில் குத்தும். பள்ளத்தில் போர்வையை மடித்துப் போட்டு, மேலே இலவம்பஞ்சு மெத்தை விரித்த பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

ராக்ஸை நான் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதுவும் நகரத்துச் சாலையில். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், 57 லிட்டர் டேங்க், பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். வீட்டில் ஒரே வண்டி, குழந்தைகள் இரண்டு, ஆண்டுக்கு இரண்டு முறைதான் முகாம் என்றால் ராக்ஸ்தான் பொருந்தும். ஓராண்டிலேயே விற்றுவிடும் எண்ணமிருந்தாலும் அதையே பாருங்கள், தார் என்ற பெயருக்குப் பழைய வண்டிச் சந்தையில் நல்ல மதிப்பு இருக்கிறது.

எதை எடுப்பதானாலும் ஷோரூமுக்குச் சும்மா போகாதீர்கள். உங்கள் கூடாரம், அடுப்பு, தண்ணீர் கேன், மெத்தை எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த வண்டியில் அடுக்கிப் பாருங்கள். சீட்டைச் சாய்த்துக் கால்மணி நேரம் படுங்கள். நான் படுத்துப் பார்த்தபோது விற்பனையாளர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஆனால் மெத்தைக்கு எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்பதை அங்கேயே அளந்துகொண்டேன்.