பழைய போஸ்ட்-பங்க் ரெக்கார்டுகள்: வேலூர்க்காரருக்கு எது கட்டுபடியாகும்?

1978க்கும் 1984க்கும் இடையில் கார்டிஃப், லீட்ஸ், பாஸ்டன், டனீடன் போன்ற ஊர்களிலிருந்து கொஞ்சம் பிரதிகளே அச்சாகி, கம்பெனி மூடியதும் காணாமல் போன ராக் இசைத்தட்டுகள் ஏராளம். பங்க் என்ற முரட்டு ராக் அலை அடித்து ஓய்ந்த கையோடு வந்ததால் அவற்றுக்கு போஸ்ட்-பங்க் என்று பெயர். இவற்றைத் தேடிக் கேட்கிறவர்கள் காட்பாடி விடுதி அறைகளிலும் சத்துவாச்சாரி மாடி வீடுகளிலும் இருக்கிறார்கள். "அண்ணா, டர்ன்டேபிள் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்கும் தம்பிகளுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நான் சி.டி. கட்சி. இன்றைக்கு அந்தக் கட்சிக்குக் கூட்டம் சேராது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

ஆசை அதிகம் இருப்பது எல்.பி.யின், அதாவது முழு ஆல்பம் அடங்கும் பெரிய இசைத்தட்டின் மேல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் பதிப்புத் தட்டுக்கு ஒரு கவர்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. பாட்டு முடிந்த இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் பாட்டுப் பள்ளம் இல்லாத வழவழப்பான வளையம் ஒன்று இருக்கும். தட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அங்கே மெல்லிய கீறல் எழுத்துகள் தெரியும். பட்டியல் எண்ணுக்குப் பக்கத்தில் "எ போர்க்கி பிரைம் கட்" என்று இருந்தால், அது ஜார்ஜ் பெக்கம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்தத் தட்டை அச்சிடுவதற்கான மூலத்தில் பள்ளம் வெட்டியபோது தன் கையாலேயே கீறிவைத்த முத்திரை. அக்காலத்து பிரிட்டிஷ் தட்டுகள் பலவற்றில் இதைக் காணலாம். இந்த அற்பச் சந்தோஷத்துக்காக மாதச் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு.

ஆனால் அந்தத் தட்டுகள் நம் பக்கம் வந்தவை அல்ல. 1980 வாக்கில் நம் ஊர் வீடுகளுக்கு வந்து சேர்ந்த மேல்நாட்டு இசை போனி எம், அபா போன்ற பெரிய பெயர்கள்தான். வட ஆற்காட்டில் யார் வீட்டுப் பரணிலாவது 'தி சவுண்ட்' குழுவின் 'ஜெபர்டி' தூசி படிந்து கிடக்கும் என்று கனவு காண வேண்டாம். டிஸ்காக்ஸ் தளத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்க வேண்டும். தட்டின் விலை ஒரு பங்கென்றால் தபாலும் சுங்கமும் இன்னொரு பங்கு கேட்கும்.

சரி, புதிதாக அச்சிட்ட மறுபதிப்பு? இங்கேதான் ஊர் குறுக்கே வருகிறது. இசைத்தட்டு என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். கத்திரி வெயிலில் மூடிய வேனுக்குள் அரை நாள் கிடந்த பார்சல் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லத் தேவையில்லை. நண்பர் ஒருவருக்கு மே மாதம் வந்த தட்டு பொரித்த அப்பளம் போல அலை அலையாக வந்தது. அனுப்பியவரும் கூரியர்க்காரரும் ஒருவரையொருவர் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வாங்கியே தீருவேன் என்பவர்கள் கார்த்திகையிலோ மார்கழியிலோ ஆர்டர் செய்யுங்கள். "180 கிராம் தட்டு" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை நம்பியும் ஏமாறாதீர்கள். கனமான தட்டு கையில் ஜம்மென்று இருக்கும், அவ்வளவுதான். ஒலியைத் தீர்மானிப்பது எந்த மூலநாடாவிலிருந்து யார் வெட்டினார்கள் என்பது. மலிவான சூட்கேஸ் பிளேயரை வாங்கி, அதன் கனத்த முள்ளின் கீழ் மூவாயிரம் ரூபாய்த் தட்டை வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதைச் சொல்ல 'யங் மார்பிள் ஜயண்ட்ஸ்' குழுவின் 'கொலாசல் யூத்' ஆல்பத்தைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். வேல்ஸின் கார்டிஃப் நகரில் இருந்து வந்த மூன்று பேர், 1980இல் ரஃப் டிரேட் கம்பெனி வெளியிட்ட ஒரே ஆல்பம், அத்தோடு பிரிந்துவிட்டார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் கிடையாது. பின்னணியில் ஒரு ரிதம் பெட்டி டிக் டிக் என்று ஓடும். பிலிப் மாக்ஸமின் பேஸ் கிட்டார்தான் மெட்டைச் சுமக்கும். அண்ணன் ஸ்டூவர்ட் கிட்டார்த் தந்திகளை உள்ளங்கையால் அடக்கி, நறுக்கென்று வெட்டி வெட்டி வாசிப்பார். ஆலிசன் ஸ்டாட்டன் பக்கத்து அறையில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போலப் பாடுவார். இந்த ஆல்பத்தில் பாதி மௌனம். 'நிர்வாணா' குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஐம்பது ஆல்பங்களின் பட்டியலில் இதற்கும் இடம் கொடுத்தார் என்பதுதான் பலரை இதன் பக்கம் திருப்பியது.

அந்த மௌனத்தில் தட்டின் ஒவ்வொரு பொடியும் பட்டாசாக வெடிக்கும். பாலாற்று மணல் காற்றில் அலையும் ஊரில் தூசியில்லாத தட்டு என்று ஒன்று கிடையாது. சித்திரை, வைகாசியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கவும் முடியாது. ஏர்கூலர் ஓடும் அறையில் இந்த ஆல்பம் ஸ்பீக்கரில் இருப்பதே தெரியாது. 'தி ஃபீலிஸ்' குழுவின் 'கிரேசி ரிதம்ஸ்' ஆல்பமும் இதே 1980. முதல் பாட்டு கட்டையைத் தட்டுவது போன்ற மெல்லிய சத்தத்தில் தொடங்கும். விசிறிக் காற்றில் அது கரைந்துபோய், கிட்டார் நுழைந்த பிறகுதான் பாட்டு தொடங்கிவிட்டதே என்று உறைக்கும். இவற்றுக்கு நல்ல ஹெட்போன்தான் வழி. ஹெட்போன் என்று ஆகிவிட்ட பின் தட்டு எதற்கு?

ஸ்ட்ரீமிங்கை நான் இழிவாகச் சொல்லமாட்டேன். தேடுவதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. எதிர்பாராத நல்லதும் அதில் நடக்கும். 'பேவ்மென்ட்' குழு 1999இல் ஈ.பி. என்ற, சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு ஒன்றின் மூலையில் போட்டு மறந்த 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' என்ற பாட்டு, ஸ்பாட்டிஃபையின் தானியங்கி வரிசை தன் போக்கில் எடுத்துப் போட்டுப் போட்டே அந்தக் குழுவின் பாட்டுகளில் அதிகம் கேட்கப்படுவதாக ஆகிவிட்டது. கிளாஸ்கோவின் 'லைஃப் வித்தவுட் பில்டிங்ஸ்' 2001இல் ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பம் போட்டுக் கலைந்த குழு. இருபது வருடம் கழித்து அவர்களுடைய 'தி லீன்ஓவர்' பாட்டுக்கு டிக்டாக்கில் பதின்ம வயதுப் பிள்ளைகள் வாயசைத்தார்கள். எந்த விமர்சகராலும் செய்ய முடியாத காரியம் இது.

ஆனால் அந்த இயந்திரம் ஒரு பாட்டைத்தான் தூக்கிவிடும், ஒரு குழுவை அல்ல. தேடல் பெட்டியில் 'தி சவுண்ட்' என்றோ 'திஸ் ஹீட்' என்றோ அடித்துப் பாருங்கள். மழைச் சத்தம், தூக்க இசை, அதே பெயரில் நேற்று முளைத்த யாரோ என்று சகலமும் வரிசைகட்டும். கிடைத்தாலும் எந்த ஆண்டு, எந்த மறுபதிப்பு, யார் வாசித்தது என்ற விவரம் இருக்காது. உரிமை கைமாறினால் ஆல்பம் ஒரு நாள் சொல்லாமல் மறையும். இன்னொன்று, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டியில் பங்கு கிடையாது. நாம் தேடும் குழுக்களின் ஓரத்துப் பாட்டுகள்தான் அந்தக் கோட்டுக்குக் கீழே விழக்கூடியவை.

காசு கொடுத்து வாங்கும் கோப்பு இதற்கு நல்ல மாற்று. பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், பெருமளவு மிச்சம் குழுவுக்கோ கம்பெனிக்கோ போகிறது. ஒலி குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் இறக்கிக்கொண்டால் ஒலியில் சி.டி.க்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. விடுதியில் ஒற்றைக் கட்டிலும் ஒரு மடிக்கணினியும் மட்டும் உள்ள தம்பிக்கு என் பரிந்துரை இதுதான். விடுதிகளில் கை மாறி வரும் ஹார்டு டிஸ்க்கைப் பற்றியும் கேட்பார்கள். அதில் பாட்டு இருக்கும், பெயர் தப்பாக இருக்கும். ஒரு குழுவின் பாட்டை வேறொரு குழுவுடையது என்றே வருடக்கணக்கில் நம்பி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். கேசட் மறுபடி வருகிறதே என்பவர்களுக்கு: பட்டியல் எழுதிக் கொடுத்து 60, 90 நிமிட கேசட்டில் பதிவுசெய்து வாங்கிய காலத்தைப் பார்த்தவன் நான். நாடா சிக்கிய பிறகு பென்சிலால் சுற்றும் சுகம் எனக்கு இனி வேண்டாம்.

இனி என் கட்சி. இந்த இசையின் இயல்பே சி.டி.க்குச் சாதகமானது. இக்குழுக்களின் நல்ல பாட்டுகள் ஆல்பத்தில் இருப்பதைவிட பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வந்த 7 அங்குல சிங்கிள்களிலும் ஈ.பி.க்களிலும்தான் சிதறிக் கிடக்கின்றன. எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் தாண்டினால் ஒலி மெலியத் தொடங்கும். சி.டி. 80 நிமிடம் வரை தாங்கும். பாஸ்டனின் 'மிஷன் ஆஃப் பர்மா' குழு, அதன் கிட்டாரிஸ்ட் ரோஜர் மில்லருக்குக் காதில் இரைச்சல் நோய் முற்றியதால் 1983இல் கலைந்தது. 1988இல் ரைகோடிஸ்க் கம்பெனி அவர்களுடைய பதிவுகளில் பெரும்பகுதியை ஒரே சி.டி.யில் ஏறக்குறைய 80 நிமிடத்துக்கு அடைத்துக் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் 'ஜோசஃப் கே' தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்து, பிடிக்காமல் தாங்களே நிறுத்திவிட்டு, 1981இல் வேறொன்றை வெளியிட்டார்கள். நிறுத்தியதையும் வெளியிட்டதையும் அடுத்தடுத்து வைத்து, முடிவு சரிதானா என்று நாமே தீர்ப்புச் சொல்ல வழிசெய்தது 1990இல் வந்த சி.டி. (நிறுத்தியதுதான் மேல் என்பது என் கட்சி.)

இதற்குச் சிகரமான உதாரணம் நியூஸிலாந்தின் 'தி கிளீன்'. 1981இல், நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளி 'சாமி இல்லாத கோயில்' என்ற பழிச்சொல் தீர்ந்த அதே ஆண்டில், டனீடனிலிருந்து வந்த இந்த மூவர் அப்போதுதான் தொடங்கியிருந்த ஃப்ளையிங் நன் கம்பெனிக்காக 'டாலி ஹோ!' என்ற சிங்கிளைச் சொற்பச் செலவில் பதிவுசெய்தார்கள். அது நாட்டின் முதல் இருபது பாட்டுகளுக்குள் நுழைந்தது. அடுத்த ஈ.பி.யை நான்கு தட நாடா இயந்திரத்திலேயே பிடித்தார்கள். எல்லாம் துண்டு துண்டான வெளியீடுகள். 2002இல் வந்த 'ஆந்தாலஜி' அவற்றை இரண்டு சி.டி.யில் திரட்டிக் கொடுத்தது. அதையே 2014இல் எல்.பி.யாகப் போட்டபோது நான்கு தட்டு ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இசைக்கு ஏழு முறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்.

சி.டி.யோடு கூடவே வருவது கையேடு. 'தி ரெயின்கோட்ஸ்' குழுவின் 1979 ஆல்பம் 1993இல் மறுபடி வந்ததற்குக் காரணமே கோபேன். லண்டனில் அந்தத் தட்டைத் தேடி அலைந்ததையும், அந்தக் குழுவின் ஆனா ட சில்வா வேலை பார்த்த பழம்பொருள் கடைக்கே போய் அவரைச் சந்தித்ததையும் அவர் எழுத்தில் மறுபதிப்பின் உறையோடு படிக்கலாம். தொலைந்த இசையை எப்படிக் கண்டெடுத்தார்கள் என்ற கதை இல்லாமல் கேட்டால் பாதிதான் கிடைக்கிறது.

சி.டி.யின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் வந்த சிலவற்றில் எழுத்து பூதக்கண்ணாடி கேட்கும். சில மறுபதிப்புகளில் ஒலியை ஒரேயடியாக உரக்க ஏற்றிவிட்டார்கள். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அடங்குவதற்குள் உபரிப் பாட்டு எகிறிக் குதிக்கும். உபரியைத் தனித் தட்டில் வைத்த பதிப்பையே தேடுங்கள். 'கொலாசல் யூத்' ஆல்பத்துக்கு டொமினோ கம்பெனி 2007இல் அப்படித்தான் செய்தது. ஓடவைக்க இயந்திரம் எங்கே என்பது நியாயமான கேள்விதான். காயலான் கடையில் எடைக்குப் போன டி.வி.டி. பிளேயர் போதும். இல்லையென்றால் கணினியில் செருகும் வெளி டிரைவ் வாங்கி, ஒருமுறை ஃபிளாக்காக மாற்றிவிட்டுத் தட்டை அலமாரியில் பூட்டலாம்.

ஒரே ஒரு இடத்தில் என் கட்சி தோற்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ், கல்லூரியால் வாழும் ஊர், இந்த வகையில் காட்பாடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே ஓவியம் படித்த மாணவர்கள் தொடங்கிய 'பைலான்' குழுவின் பதிவுகளை 2020இல் நான்கு எல்.பி.யும் 200 பக்கப் புத்தகமுமாகப் பெட்டியிட்டு வெளியிட்டார்கள். அந்தப் புத்தகத்தை அந்த அளவில்தான் பார்க்க வேண்டும். அதை வாங்கக் கையில் காசு உள்ளவர் எல்.பி. வாங்கட்டும். மற்றவர்கள் முதலில் 'ஆந்தாலஜி', பிறகு 'கொலாசல் யூத்', மூன்றாவதாக 'ஜெபர்டி' என்று சி.டி.யில் போகலாம். 'ஜெபர்டி'யை மட்டும் ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போடுங்கள். அதன் பாடகர் ஏட்ரியன் போர்லாண்டின் குரல் எந்த ஏர்கூலரையும் மிஞ்சும்.