'மெட்டபாலிக் வயது 51' என்று சீட்டு நீட்டினால் பணம் கட்டாதீர்கள்

உடம்பு குறைக்க ஜிம் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் போங்கள். கோவையில் எங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த இடம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

உள்ளே போனதும் 'இலவச பாடி அனாலிசிஸ்'. செருப்பைக் கழற்றிவிட்டு உலோகத் தட்டில் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்க வேண்டும். ரிசப்ஷனில் இருந்த பெண் உயரம் கேட்டார். ஐந்தடி இரண்டு அங்குலம் என்றேன். அவர் 152 என்று தட்டியது திரையில் தெரிந்தது. "157 வரும்ங்க" என்றேன். "பெரிய வித்தியாசம் வராது மேடம்" என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினார்.

சீட்டு வந்தது. எனக்கு வயது 38, மெட்டபாலிக் வயது (ஓய்வில் உடம்பு சக்தியைச் செலவிடும் வேகத்தை, அதாவது மெட்டபாலிசத்தை, வைத்து அவர்கள் சொல்லும் வயது) 51. டிரெய்னர் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். "உங்க மெட்டபாலிசம் தூங்கிப் போச்சுங்க மேடம். வாக்கிங் எல்லாம் இனி வேலைக்கு ஆகாது." மூன்று மாத 'மெட்டபாலிசம் பூஸ்ட்' பேக்கேஜ் 24,000 ரூபாய், கூடவே ஃபேட் பர்னர் டப்பா 3,800. இரண்டுக்கும் அன்றைக்கே கட்ட வைத்தார்கள்.

அந்த மெஷின் மெட்டபாலிசத்தை அளக்கவே அளக்காது. உடம்புக்குள் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. அதையும் எடையையும் நாம் சொல்லும் உயரம், வயதையும் ஒரு சமன்பாட்டில் போட்டு, கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு என்று மதிப்பிடுகிறது. அதிலிருந்து இன்னொரு கணக்குப் போட்டு வருவதுதான் இந்த 'வயது'. சமன்பாட்டில் உயரம் வர்க்கமாகப் போவதால் ஐந்து சென்டிமீட்டர் குறைத்துப் போட்டால் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் காட்டும். தண்ணீர் குடிக்காமல் போனாலும் அப்படித்தான். ஓய்வில் உடம்பு செலவிடும் சக்தியை உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால், நாம் இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும் கருவி வேண்டும். அதெல்லாம் ரிசப்ஷனில் இருக்காது.

வேடிக்கை மறுபடி அளந்தபோதுதான். கொஞ்ச வாரம் கழித்து, டிரெட்மில்லில் ஓடவிட்டு, வியர்வை காய்வதற்குள் மெஷினில் ஏற்றினார்கள். உடம்பு சூடாக இருந்து தோலில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும்போது தடை குறையும், கொழுப்பும் குறைவாகக் காட்டும். 'வயது' 46! எல்லோரும் கை தட்டினார்கள். சீட்டைப் பார்த்தால் உயரம் 158. பழைய சீட்டைப் பக்கத்தில் வைத்து, "நடுவில் ஆறு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டேனா?" என்று கேட்டேன். பழைய உயரத்தைப் போட்டு இன்னொரு முறை எடுங்கள் என்றதும், மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது.

பேக்கேஜை விற்பதற்காகச் சொன்ன மற்ற கதைகளையும் பார்ப்போம். 'ஒரு கிலோ தசை ஏறினால் சும்மா இருந்தே நாளுக்கு 100 கலோரி எரியும்' என்றார்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி, கால் இட்லி. 'எங்கள் பயிற்சி முடிந்து 48 மணி நேரம் கொழுப்பு தானாக எரியும்' என்றார்கள். பயிற்சிக்குப் பிறகு கூடுதல் செலவு இருப்பது உண்மைதான், ஆனால் அந்தப் பயிற்சியில் செலவானதில் அது 15 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. இடுப்பில் கட்டிவிட்ட ஸ்வெட் பெல்ட்டில் போவது தண்ணீர், தொப்பை இல்லை. முப்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் சரிந்துவிடும் என்ற பயமுறுத்தலும் நிற்காது. 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை சக்திச் செலவு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அந்த ஃபேட் பர்னர் டப்பாவில் காஃபீனும் கிரீன் டீ எக்ஸ்ட்ராக்டும்தான். குடித்தால் நெஞ்சு படபடக்கும், அதைத்தான் 'வேலை செய்யுது' என்பார்கள். கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் அளவு மீறினால் கல்லீரலுக்கே ஆபத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் லேபிளில் எங்கேயும் இல்லை. வாங்குமுன் அதை முதலில் தேடுங்கள்.

வாக்கிங் வேலைக்கு ஆகாது என்பதுதான் எனக்கு ரொம்பக் கோபம். 70 கிலோ உள்ளவர் ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி, அதனால் வேகமாகக் குறையாது, சாப்பாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. வெயிட் தூக்குவது நல்லதுதான், எடை குறையும்போது தசை கரையாமல் காக்கும். எது முழங்காலுக்கு ஒத்துவருகிறதோ, வருஷக்கணக்கில் விடாமல் செய்ய முடியுமோ, அதைச் செய்யுங்கள். உண்மையிலேயே சோர்வும் எடை ஏற்றமும் சேர்ந்து இருந்தால் டாக்டரைப் பார்த்து தைராய்டுக்கு ஒரு டிஎஸ்எச் டெஸ்ட் எடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.

பணத்தைக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், இரண்டு சீட்டையும் ஸ்கேன் செய்து சேர்த்தேன். திறக்காத டப்பாவின் பணம் வந்துவிட்டது. பேக்கேஜ் பணத்துக்கு 'வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளுங்கள் மேடம்' என்கிறார்கள். முடியாது, பணமாகத்தான் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.